மஸ்கார்போன் கிடைக்காத ஊரில், முட்டையும் சேர்க்காமல், வீட்டில் டிராமிசு செய்ய முடியுமா?

முடியும். காபியில் நனைத்த பிஸ்கட்டையும் மஸ்கார்போன் என்னும் க்ரீம் சீஸையும் மாற்றி மாற்றி அடுக்கிச் செய்யும் இத்தாலிய இனிப்புதான் டிராமிசு. பொள்ளாச்சியில் மஸ்கார்போன் சீஸ் கிடைக்கவில்லை, வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை, வரும் ஞாயிற்றுக்கிழமை மகளின் பிறந்தநாள், பனீரையோ தயிரையோ வைத்துச் சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதாத ஒன்றையும் நானாக ஊகித்துக்கொள்கிறேன்: இணையத்தில் அந்தச் சீஸின் விலையைப் பார்த்துவிட்டு உடனே பக்கத்தை மூடியிருப்பீர்கள். நானும் அப்படி மூடியவள்தான். நான் சமையல் கலை பயின்றவள் அல்ல. தேனியில் என் வீட்டு அடுப்பில் ஏழெட்டு முறை செய்து, அவற்றில் முதல் இரண்டு முறை முற்றிலும் கெடுத்தவள் என்ற தகுதியில் மட்டுமே இதை எழுதுகிறேன்.

கெடுத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில்தான் அது தொடங்கியது. ஒரு காணொளியில் பனீரையும் மில்க்மெய்டையும் மிக்சியில் அரைத்தால் போதும் என்று ஒரு பெண்மணி மிகுந்த நம்பிக்கையோடு சொன்னார். அரைத்தேன். எவ்வளவு நேரம் அரைத்தும் நாக்கில் ரவை போல நெருடியது. பனீர் என்பது பாலின் புரதம் சூட்டிலும் புளிப்பிலும் இறுகித் திரண்டது. அதை எவ்வளவு அரைத்தாலும் சிறு மணிகளாகுமே ஒழிய வழுவழுப்பாகாது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அடுத்த முறை தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுச் செய்தேன். அது வழுவழுப்பாக இருந்தது, ஆனால் காபியும் புளிப்பும் சேர்ந்தபோது ஸ்ரீகண்ட் என்னும் தயிர் இனிப்பில் யாரோ டிக்காஷனைக் கொட்டியது போல ஆகிவிட்டது. என் மாமியார் ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "தயிரைத் தயிராவே விட்டிருக்கலாம்" என்றார்.

மூன்றாவது முறை உருப்படியாக வந்தது. ஆனால் அன்றைக்குத்தான் என் கணவரின் அண்ணன் மகன் வந்திருந்தான். இத்தாலியில் பதோவாவில் இரண்டாண்டுகள் படித்தவன். சாப்பிட்டு முடித்து, கிண்ணத்தையும் வழித்துவிட்டு, "நல்லா இருக்கு சித்தி, ஆனா இது டிராமிசு இல்லை. ரம் இல்லாம டிராமிசுவா?" என்று பத்துப் பேர் முன்னிலையில் சொன்னான். அந்தச் சொல் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன் பிறகுதான் இந்த இனிப்பைப் பற்றித் தேடிப் படித்தேன். அவன் படித்த ஊரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திரெவிசோ நகரத்து லே பெக்கெரியே என்ற உணவகம், 1970களின் தொடக்கத்தில் டிராமிசுவைத் தன் உணவுப் பட்டியலில் சேர்த்துப் புகழ்பெறச் செய்தது என்பதே பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அந்த உணவகத்தின் செய்முறையில் மஸ்கார்போன், முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை, சவோயார்தி என்னும் பிஸ்கட், காபி, கோகோ ஆகியவைதான் உண்டு, மது கிடையாது. அதுவும்கூட இத்தாலியில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட செய்தி அன்று. பக்கத்துப் பகுதியான ஃப்ரியூலி தன்னுடையது என்கிறது. 2017இல் அந்நாட்டு வேளாண் அமைச்சகத்தின் மரபு உணவுப் பட்டியலில் டிராமிசு ஃப்ரியூலியின் பெயரில் இடம்பெற்றபோது, திரெவிசோ அடங்கிய வெனெட்டோ பகுதியின் ஆளுநரே எதிர்ப்புத் தெரிவித்தார். ஆகவே "இது உண்மையான டிராமிசு இல்லை" என்று இங்கே கருத்துரை எழுதக் காத்திருப்பவர்கள், முதலில் அந்த இரு பகுதியாரின் வழக்கைத் தீர்த்துவிட்டு வரலாம்.

இதனால் எதை வேண்டுமானாலும் போட்டு டிராமிசு என்று பெயர் வைக்கலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முட்டைக்கு மாற்று உண்டு, பிஸ்கட்டுக்கு மாற்று உண்டு, ஆனால் மஸ்கார்போனுக்கு மாற்றுத் தேடக் கூடாது என்பதுதான் என் கட்சி. தேடத் தேவையும் இல்லை, அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பெயரில்தான் சீஸ், உள்ளபடி அது க்ரீமைச் சூடாக்கிப் புளிப்புச் சேர்த்து, நீரை வடித்தெடுத்தது. பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் அதற்குத் தேவைப்படுவதில்லை என்பதால் உங்கள் வீட்டுச் சைவத்துக்கும் பங்கம் வராது.

கடையில் அட்டைப் பெட்டியில் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் க்ரீம் ஒரு லிட்டர் போதும். அடிகனமான பாத்திரத்தில், சிறு தீயில், 85 டிகிரி வரை சூடாக்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால், ஓரங்களில் சிறு குமிழிகள் தோன்றி ஆவி பறக்கும் நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். தளதளவென்று கொதிக்க விடக்கூடாது. அப்போது இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை விட்டு, ஐந்து நிமிடம் மெதுவாகக் கிளறுங்கள். இந்த இடத்தில்தான் நம் கை நம்மை ஏமாற்றும். எலுமிச்சை விட்டால் பால் திரியும், நீர் தனியாகப் பிரியும் என்றே நமக்குப் பழக்கம். ஆனால் க்ரீம் அப்படித் திரியாது. அதில் புரதம் குறைவு, கொழுப்பு அதிகம், ஆகவே கரண்டியின் பின்புறத்தில் பாயசம் போலப் படியும் அளவுக்குக் கெட்டியாகுமே தவிர வேறொன்றும் நடக்காது. நான் இது தெரியாமல் "இன்னும் திரியவில்லையே" என்று மேலும் இரண்டு பழங்களைப் பிழிந்து ஒரு லிட்டரையும் புளிக்கவைத்தேன். நீங்கள் பிழிய வேண்டாம். ஆறவிட்டு, நான்காக மடித்த மல் துணியை வடிகட்டியில் விரித்து அதில் ஊற்றி, மூடி, ஓர் இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் எனக்கு 600 கிராம் அளவுக்குக் கிடைக்கிறது. கொழுப்பு அவ்வளவும் அதிலேயே தங்கிவிடுவதால், கணக்குப் போட்டால் நாற்பது சதவீதத்தைத் தொடும். மஸ்கார்போனை மஸ்கார்போனாக ஆக்குவது அந்தக் கொழுப்புதான்.

முட்டையின் மஞ்சள் கரு தருவது செழுமையும் காற்றோட்டமும். செழுமை க்ரீமிலேயே இருக்கிறது. காற்றுக்கு 200 மில்லி விப்பிங் க்ரீமை நுரைக்க அடித்துச் சேர்க்கலாம். ஆனால் வாங்கும்போது அட்டையைப் படியுங்கள். பேக்கரிப் பொருள் விற்கும் கடைகளில் உறைபெட்டியிலிருந்து எடுத்துத் தருபவற்றில் பெரும்பாலானவை பால் க்ரீமே அல்ல, தாவரக் கொழுப்பில் சர்க்கரை கலந்தவை. எனக்கு ஒரு கடையில் "பால் க்ரீம்தான் அக்கா" என்று சத்தியம் செய்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் பார்த்தால் பொருள் பட்டியலில் பால் என்ற சொல்லே இல்லை. சாப்பிட்டால் மேலண்ணத்தில் மெழுகு போல ஒட்டும். பால் க்ரீம் கிடைக்காவிட்டால் நுரையே வேண்டாம். ஃப்ரெஷ் க்ரீம் நுரைத்து நிற்காது என்றாலும், அதையே கால் கோப்பை எடுத்து, மஸ்கார்போனுடன் 100 கிராம் பொடித்த சர்க்கரையும் சேர்த்து மரக்கரண்டியால் தளர்த்திக்கொள்ளுங்கள். மின்கலக்கியை வைத்து அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையை நாம் அறிவோம். இங்கே வெண்ணெய் திரள்வதே விபத்து.

பிஸ்கட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முட்டையில்லாத வெறும் ஸ்பாஞ்ச் கேக்கை விரல் அளவுக்கு நறுக்கி, ஓவனில் 150 டிகிரியில் ரஸ்க் போலக் காய வைத்தால் சவோயார்திக்கு மிக அருகில் வரும். கடை ரஸ்க் என்றால் ஏலக்காய் போடாததாகப் பாருங்கள். மேரி பிஸ்கட் கூழாகிவிடும்.

காபியில் மட்டும் நமக்கு மாற்றே தேவையில்லை என்று பெருமையாகச் சொல்வேன். இன்ஸ்டன்ட் காபித் தூளைக் கரைக்கச் சொல்லும் செய்முறைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, வீட்டில் பில்டர் வைத்துக்கொண்டு ஏன் அதைச் செய்ய வேண்டும்? எஸ்பிரெஸோ இயந்திரம் இல்லாத குறையை முதல் டிக்காஷன் தீர்த்துவிடும். ஒரே ஓர் எச்சரிக்கை: சிக்கரி. நம் நாட்டு விதிகளின்படி காபி–சிக்கரிக் கலவையில் சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கலாம். பாலோடு குடிக்கும்போது அந்தக் கசப்பு தெரியாது, டிராமிசுவில் கருகிய வெல்லம் போலத் தலைதூக்கும். சிக்கரி கலக்காத தூளைக் கேட்டு வாங்கி, 200 மில்லி டிக்காஷன் இறக்கி, பால் சேர்க்காமல் நன்றாக ஆறவிடுங்கள். கேக் துண்டை ஒரு புறம் ஒரு நொடி, மறுபுறம் ஒரு நொடி, அவ்வளவே நனைக்க வேண்டும். டீக்கடையில் வர்க்கியை டீயில் தோய்த்து, அறுந்து விழுமுன் வாயில் போட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஞாயிறு மாலைக்கு வேண்டுமென்றால் வெள்ளி இரவு க்ரீமைக் காய்ச்சி வடியவிடுங்கள். சனி மாலை ஒரு வரிசை கேக், ஒரு வரிசை க்ரீம் என்று இருமுறை அடுக்கி, மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். எட்டு மணி நேரத்துக்குக் குறைந்தால் துண்டு போட வராது. கோகோவை முன்னதாகத் தூவினால் ஈரம் கசிந்து கறுத்துத் திட்டாகும், ஆகவே பரிமாறும் நேரத்தில் சலித்துத் தூவுங்கள். குடிக்கும் சாக்லேட் பொடி அன்று, இனிப்பில்லாத கோகோ. பிறந்தநாள் மெழுகுவர்த்தியை மட்டும் வேறு எதிலாவது குத்திக்கொள்ளுங்கள், இதில் நிற்காது.