ஒரு வருஷமாக விற்ற கிளாம்புக்கு இனி காப்புரிமை கிடைக்குமா?

கேள்வி: ஐயா, வள்ளியூர் பக்கம் எலக்ட்ரீசியன் வேலை பார்க்கிறேன். ஆடிக் காற்றில் தோட்டத்துக் கம்பத்தில் மாட்டிய மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி ஆடி ஆடி, போல்ட் கழன்று தொங்கும். அதற்காக ஆப்புத் தகடு வைத்து இறுகும் கிளாம்பு ஒன்றை யோசித்து, லேத் பட்டறை அண்ணாச்சி ஒருவரிடம் செய்து வாங்கினேன். ஒரு வருஷத்துக்கு மேலாக பில் போட்டு விற்கிறேன். மச்சான் யூடியூபில் வீடியோவும் போட்டான். இப்போது அந்த அண்ணாச்சி தன் பெயரில் பேட்டன்டுக்கு விண்ணப்பித்துவிட்டதாகவும், இனி நான் விற்றால் வழக்கு என்றும் சொல்கிறார். ஸ்பேனர் இல்லாமல் லீவரால் பூட்டும் புது மாதிரி ஒன்றும் வைத்திருக்கிறேன். அதை யாரும் பார்க்கவில்லை. என்ன செய்வது?

பதில்: யோசித்தவர் நீங்கள்தான். ஆனாலும் பழைய கிளாம்புக்கு உங்களுக்குக் காப்புரிமை கிடைக்காது. இதைச் சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்பு பொருள் வெளியே தெரிந்திருக்கக் கூடாது என்பது 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் அடிப்படை. கண்டுபிடித்தவரே விற்றாலும் வீடியோ போட்டாலும் அதே கதிதான். ஊரறியச் சோதித்துப் பார்த்தே ஆக வேண்டிய பொருளுக்கு 32ஆம் பிரிவு ஒரு வருஷச் சலுகை தருகிறது. ஆடிக் காற்றைப் பட்டறைக்குள் கொண்டுவர முடியாது, தோட்டத்தில் மாட்டித்தான் பார்க்க வேண்டும் என்று நாம் வாதாடலாம். ஆனால் பில் போட்டு விற்றதைச் சோதனை என்று சொல்ல முடியாது, ஒரு வருஷமும் தாண்டிவிட்டது.

அதே பில்லும் வீடியோவும்தான் பட்டறைக்காரரின் விண்ணப்பத்தையும் சாய்க்கும். உங்களுக்கு இல்லாத புதுமை அவருக்கு எங்கிருந்து வரும்? விண்ணப்பம் சாதாரணமாக 18 மாதம் கழித்து வெளியிடப்படும். காப்புரிமை அலுவலக இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டு இடையிடையே தேடுங்கள். வெளியான நாளிலிருந்து 6 மாதம் வரை காப்புரிமை வழங்க மாட்டார்கள். அதற்குள் 25(1) பிரிவின்கீழ் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் தரலாம். உங்களிடமிருந்து எடுத்தது என்பது ஒரு காரணம், ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது என்பது இன்னொன்று. இரண்டையும் எழுதுங்கள், ஆனால் பலம் இரண்டாவதில்தான். அவருக்கு அனுப்பிய வரைபடம், வாட்ஸ்அப் பேச்சு, முன்பணம் கொடுத்த ரசீது எதையும் அழிக்காதீர்கள். வீடியோவை எடுத்துவிடச் சொல்லி மச்சானை அவசரப்படுத்தவும் வேண்டாம். அதில் தெரியும் தேதிதான் நமக்குச் சாட்சி.

வழக்கு மிரட்டலுக்குப் பயந்து விற்பனையை நிறுத்த வேண்டாம். வெறும் விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு யாரும் காப்புரிமை மீறல் வழக்குப் போட முடியாது. காப்புரிமை வழங்கப்பட்ட பிறகுதான் அது முடியும்.

சரி, லீவர் மாதிரிக்கு வருவோம். உங்கள் உழைப்புக்குப் பாதுகாப்பு மிச்சம் இருப்பது இதில்தான். இந்த வாரமே தற்காலிக விவரக் குறிப்புடன், அதாவது கண்டுபிடிப்பின் முதற்கட்ட எழுத்து விளக்கத்துடன், விண்ணப்பித்துவிடுங்கள். தனிநபருக்கு ஆன்லைன் கட்டணம் 1,600 ரூபாய். டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் சென்னை கிண்டி அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை. முழு விவரக் குறிப்பை 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் விண்ணப்பமே கைவிடப்பட்டதாகிவிடும்.

எழுதும்போது ஒரு கவனம். தெரிந்த பாகங்களைச் சேர்த்து வைத்ததை மட்டும் 3(எஃப்) பிரிவு கண்டுபிடிப்பாக ஏற்காது. லீவரை அழுத்தும்போது ஆப்புத் தகடு எந்தப் பக்கம் நகர்கிறது, காற்றில் பெட்டி ஆடினால் பிடி தளராமல் எப்படி இறுகுகிறது என்று பாகங்களுக்கு எண் போட்டு வரைந்து விளக்குங்கள். உங்கள் பழைய கிளாம்பைப் பார்த்த எந்த எலக்ட்ரீசியனுக்கும் இது தானாகத் தோன்றாது என்பதும் அதில் தெரிய வேண்டும். வடிவமைப்புப் பதிவு வெளித்தோற்றத்தைத்தான் காக்கும், பூட்டும் விதத்தைக் காக்காது. அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை மாதிரியைப் பட்டறை எதற்கும் கொடுக்காதீர்கள். அப்புறம் கொடுக்கும்போதும், வரைபடமும் கண்டுபிடிப்பும் உங்களுடையவை, வேறு யாருக்கும் செய்து தரக்கூடாது, வெளியே சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டே கொடுங்கள்.