தங்கை கேட்ட கேள்வி எங்கே?

கேள்வி: எனக்கு 21 வயது. இளையோருக்காக ஒரு மாற்று வரலாற்று மிகுபுனைவு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பழங்கால எகிப்தின் அலெக்சாந்திரியா நூலகம் அழியாமல் நிலைத்து, உலகத்து நூல்கள் எல்லாம் அதன் பிடியில் இருக்கின்றன என்பது கதை. அச்சு இயந்திரத்துக்குத் தடை. நூலகம் இரவல் தரும் சுருளில் ஒன்பதாம் நாள் எழுத்து தானாக மறைந்துவிடும். நாயகிக்கு 15 வயது. பன்னிரண்டு அத்தியாயம் முடிந்தது. நூலகத் தலைவன் மூன்று பேரை உயிரோடு எரித்துவிட்டான். ஆனாலும் நண்பர்கள், "ஊரே ஏன் இதுக்கு அடங்கிக் கிடக்குது? நம்ப முடியல" என்கிறார்கள். 14 வயதுத் தங்கையும் இரண்டாம் அத்தியாயம் படித்துவிட்டு ஏதோ கேட்டாள். அவள் படிப்பு கெடக்கூடாது என்று அதன்பின் கோப்புக்குக் கடவுச்சொல் போட்டுவிட்டேன். வில்லனை இன்னும் கொடூரமாக்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது தம்பி. முப்பது பேரை எரித்தாலும் உங்கள் நண்பர்கள் இதையேதான் கேட்பார்கள்.

தங்கை "ஏதோ கேட்டாள்" என்கிறீர்களே, என்ன கேட்டாள்? எழுத்து எத்தனையாவது நாள் மறையும் என்பது கடிதத்தில் இருக்கிறது. நண்பர்கள் சொன்னது அவர்கள் பேச்சு மாறாமல் இருக்கிறது. நீங்கள் யாருக்காக எழுதுகிறீர்களோ அந்த வயதுப் பெண் கேட்டது மட்டும் "ஏதோ". அவள் படித்துக்கொண்டிருந்தவரை கோப்பு திறந்துதான் கிடந்தது. வாயைத் திறந்ததும் பூட்டு விழுந்தது. படிப்பு கெடும் என்பது பூட்டிய பிறகு தேடிப்பிடித்த காரணம். உண்மையிலேயே அந்தக் கவலை இருந்திருந்தால் முதல் அத்தியாயத்திலேயே பூட்டியிருப்பீர்கள்.

உங்கள் நாவலில் இல்லாத ஆள் நீங்கள்தான். "உன் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிப் பூட்டுகிற, அன்பான, கொஞ்சம் பயந்த ஒரு மனிதர் பன்னிரண்டு அத்தியாயத்திலும் கிடையாது. எரிக்கிறவனை மட்டும் வைத்துக்கொண்டு ஊரை அடக்க முடியாது. எரித்தால் கோபம் வரும், கோபம் வந்தால் நூல்களை ஒளித்துவைப்பார்கள். ஊர் அடங்குவது அண்ணன்களாலும் அம்மாக்களாலும் வாத்தியார்களாலும்.

இனி நூலகத்துக்கு வருவோம். அங்கேயும் தீயைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறீர்கள். கி.மு. 48-இல் சீசர் காலத்துத் தீயை அணைத்துவிட்டால் நூலகம் பிழைத்துவிடாது. அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு முன்பே, கி.மு. 145-ஐ ஒட்டி, எகிப்து மன்னர் எட்டாம் தாலமி அறிஞர்களை நகரைவிட்டே விரட்டினார். வரலாற்றைத் திருப்ப வேண்டிய இடம் அது. இன்னொரு விஷயமும் உண்டு. அலெக்சாந்திரியா கடற்கரை ஊர். எகிப்தின் வறண்ட மணலில் பாப்பிரஸ் என்ற நாணல் தாள் ஆயிரக்கணக்கான ஆண்டு தாங்கும். கடற்கரை ஈரத்தில் மக்கிப்போகும். சுருளைக் காப்பாற்ற ஒரே வழி, அது மக்குவதற்குள் மறுபடி படி எடுப்பது. ஆக, எதைப் படியெடுக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவன் கையில்தான் அதிகாரம். பிடிக்காத நூலுக்குத் தடை வேண்டாம், தீ வேண்டாம். "இந்த வருடம் ஆள் போதவில்லை" என்றால் போதும். இரண்டு தலைமுறை இதையே சொன்னால் நூல் செத்துவிடும், யார் மேலும் பழி விழாது.

அடுத்தது அட்டவணை. அந்த நூலகத்து அறிஞர் கலிமாக்கஸ் தொகுத்த நூற்பட்டியலான 'பினாக்கெஸ்' 120 சுருள்கள். அதில் பெயர் இல்லாத நூலை எப்படிக் கேட்பாய்? கைப்பற்றும் முறையும் பழசுதான். துறைமுகத்துக்கு வந்த கப்பல்களில் இருந்த நூல்களைப் பறித்துப் படியெடுத்து, படியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூலத்தைத் தாலமி மன்னர்கள் வைத்துக்கொண்டார்கள் என்கிறார் பழங்கால மருத்துவர் காலென். ஏதென்ஸிடம் 15 தாலந்து வெள்ளி பிணை கட்டி மூன்று பெரும் நாடகாசிரியர்களின் மூலப்படிகளை வாங்கியவர்கள், பிணை போனால் போகட்டும் என்று படிகளை மட்டும் அனுப்பிவைத்த கதையையும் அவரே சொல்கிறார். உங்கள் நூலகத் தலைவனுக்கு இந்தக் கணக்குப்பிள்ளை மூளை வேண்டும்.

ஒன்பது நாள் மந்திரத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது. ஒன்பது நாளில் யார் வேண்டுமானாலும் பார்த்து எழுதிக்கொள்ளலாமே? உங்கள் முதல் அத்தியாயத்தைக் கையால் படியெடுத்து எத்தனை மணி நேரம் பிடிக்கிறது என்று பாருங்கள், மறையும் நாளை அதை வைத்து முடிவு செய்யுங்கள். அதைவிட முக்கியம், வெற்றுச் சுருளும் மையும் யாரிடம் கிடைக்கின்றன என்பது. வெற்றுத்தாளைக் கணக்கில் வைக்காத நூலகம் எதையும் கட்டுப்படுத்தவில்லை. அச்சுக்கும் அதே கதைதான். கூட்டன்பர்க் 1455 வாக்கில் முடித்த விவிலியம் சுமார் 180 படிகள்; அத்தனையையும் துரத்திப் பிடிப்பதைவிட அச்செழுத்து வார்க்கும் உலோகங்களான ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி யார் வாங்குகிறார்கள் என்று பார்ப்பது சுலபம். இங்கிலாந்து 1557-இல் இன்னும் கெட்டிக்காரத்தனம் செய்தது. அச்சடிக்கும் உரிமையை அச்சடிப்போரும் நூல் விற்போரும் சேர்ந்த லண்டன் ஸ்டேஷனர்ஸ் சங்கத்தாருக்கே கொடுத்துவிட்டது. திருட்டு அச்சு வந்தால் நஷ்டம் அவர்களுக்கு என்பதால் அவர்களே வீடுவீடாகத் தேடினார்கள். சேவகர்களுக்குச் சம்பளம் மிச்சம்.

கத்தோலிக்கத் திருச்சபையின் தடைநூல் பட்டியல் 1559 முதல் 1966 வரை இருந்தது. அதில் எல்லா நூலும் ஒரேயடியாகத் தடையில்லை. சிலவற்றுக்கு "திருத்தும்வரை" என்று மட்டும் தடை. திருத்துகிறவர் குறிப்பிட்ட வரிகளை மையால் அடித்துவிட்டால் நூல் வெளியே போகலாம். உங்கள் நாயகிக்கு இந்த வேலையைக் கொடுங்கள். வாளும் வேண்டாம், பரம்பரை மந்திர ரத்தமும் வேண்டாம் (அதுவும் வைத்திருப்பீர்கள் என்று சந்தேகம்). அடிக்கிற வரியைப் படிக்காமல் அடிக்க முடியாது; ஊரில் எல்லாவற்றையும் படித்தவள் அவள் ஒருத்திதான் என்றாகிவிடும். பட்டியல் எதிரிக்கும் உதவும். ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் முதல் நூலகராக இருந்த தாமஸ் ஜேம்ஸ், அந்தத் தடைப் பட்டியலையே நூலகம் வாங்க வேண்டிய நூல்களின் பட்டியலாக்கி 1627-இல் அச்சிட்டார்.

இதெல்லாம் நாலு நாள் வேலை. தங்கை விஷயம் அப்படியில்லை. மூத்தவன் என்றால் சின்னவளுக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்துவிடுகிறவன் என்பது என் கட்சி. பரீட்சை நேரம் என்றால், "ஞாயிற்றுக்கிழமை ஒரு அத்தியாயம்" என்று அவளோடு பேசி வைத்துக்கொள்ளலாம்; அது ஒழுங்கு. சொல்லாமல் கடவுச்சொல் போடுவது கோழைத்தனம். அவள் கேட்டதற்கு உங்களிடம் பதில் இருந்திருந்தால் பூட்டியிருக்க மாட்டீர்கள். தெரியாது என்று தங்கையிடம் சொல்ல வெட்கப்படுகிறவர், அறிவைப் பூட்டி வைக்கிறவர்களைப் பற்றி நாவல் எழுதக் கிளம்பியிருக்கிறார்!

இன்றைக்கே கடவுச்சொல்லை எடுங்கள். பன்னிரண்டையும் அவளிடம் கொடுத்து, ஓரத்தில் கேள்வி எழுதப் பென்சிலும் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லாதீர்கள். எனக்கு மறுபடி எழுதுவதானால் கதைச்சுருக்கம் வேண்டாம். இரண்டாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு அவள் கேட்டாளே, அதை மட்டும் அவள் கையெழுத்தில் வாங்கி அனுப்புங்கள்.