ஏழாவது திருத்தம்

வணக்கம் சார்,

சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் இரண்டு வருடமாகத் தமிழ் காப்பிரைட்டராக இருக்கிறேன். ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடிக்கு 'ஆடியில் எடுத்து வை, ஆவணியில் கட்டிக்கோ' என்று எழுதினேன். எங்கள் கிரியேட்டிவ் டைரக்டருக்கு ரொம்பப் பிடித்தது. கிளையன்ட் ஏழு முறை திருத்தினார். முதலில் தள்ளுபடி எண்ணைப் பெரிதாக்கச் சொன்னார், பிறகு லோகோவை, பிறகு 'மாபெரும்' சேர்க்கச் சொன்னார். கடைசியில் பேப்பரில் வந்தது 'மாபெரும் ஆடி அதிரடித் தள்ளுபடி'. பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. "அவங்க காசு, அவங்க இஷ்டம், கேட்டதைச் செஞ்சு குடுத்துட்டுப் போ" என்கிறார்கள் சர்வீசிங்கில், அதாவது கிளையன்டோடு பேசும் பிரிவில். எனக்கு மனசு ஒப்பவில்லை. சண்டை போடுவதா, வேலையை விடுவதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வரி நல்ல வரி. ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், ஆவணி பிறந்தால் முகூர்த்தம் தொடங்கிவிடும். தள்ளுபடியில் புடவை எடுக்கிறவர் மனதில் ஓடும் கணக்கு அதுதான். அதை அவர் பேச்சிலேயே சொல்லியிருக்கிறீர்கள். அது போனதற்கு நீங்கள் அழுததில் தப்பே இல்லை.

ஆனால் கிளையன்ட் முதன்முதலில் என்ன கேட்டார் என்று திரும்பிப் பாருங்கள். எண்ணைப் பெரிதாக்கச் சொன்னார். ஆடி பிறக்கும் வாரத்தில் தினசரியைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ஜவுளிக்கடைதான். எதிர்க்கடைக்காரர் 50 என்று அரைப்பக்கத்துக்குப் போட்டிருக்க, தன் கடையின் எண் மூலையில் கிடந்தால் அவருக்கு எப்படித் தூக்கம் வரும்? அந்தப் பயம் நியாயமானது. முதல் சுற்றிலேயே எண்ணைத் தூக்கி உங்கள் வரிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் மற்ற ஆறும் வந்திருக்காது என்று நினைக்கிறேன். லோகோ, 'மாபெரும்', 'அதிரடி' எல்லாமே அந்தப் பயம் தீராமல் திரும்பத் திரும்ப வந்து கதவைத் தட்டியதுதான்.

கிளையன்ட் பெரும்பாலும் மருந்தைத்தான் சொல்வார். நோயை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எனக்கு இது புரிந்தது நான் எழுதிய ஒரு நல்லெண்ணெய் போஸ்டரில். குவித்த உள்ளங்கையில் எண்ணெய் தேங்கி நிற்கும் படம், மேலே 'சனிக்கிழமை வந்தாச்சு', கீழே பாட்டில். பாட்டிலைப் பெரிதாக்கச் சொன்னார்கள். படம் கெட்டுவிடும் என்று மறுத்தேன். மறுபடியும் அதே. மூன்றாவது முறை எரிச்சலை அடக்கிக்கொண்டு, "எதைப் பார்த்து உங்களுக்கு இப்படித் தோணுச்சு?" என்று கேட்டேன். கிளையன்ட் திண்டுக்கல் பக்கம் ஒரு மளிகைக்கடையில் சாம்பிளை ஒட்டிப் பார்த்திருக்கிறார். கடைக்கார அம்மா, "இது தலைக்கு மட்டும்தானா, இட்லிக்கு ஆகாதா?" என்று கேட்டாராம். பாட்டில் அளவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்! உள்ளங்கையை எடுத்துவிட்டு, தட்டில் இட்லிப்பொடியைக் குவித்து, நடுவே விரலால் குழித்து எண்ணெய் ஊற்றிய படத்தை வைத்தோம். வரியை 'சனிக்கிழமை மட்டுமா?' என்று மாற்றினேன். முதலில் எழுதியதைவிட அதுதான் நல்ல வரி. பாட்டில் அதே அளவில்தான் இருந்தது. அவர் அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

சண்டை போடுவதா என்கிறீர்கள். போடுங்கள், வேலை தொடங்கும் முன்னால் போடுங்கள். 1966இல் அமுல் வெண்ணெய் விளம்பரம் சில்வெஸ்டர் டாகுன்யா என்ற விளம்பரக்காரரிடம் வந்தது. நாட்டு நடப்பை வைத்துச் செய்கிற விளம்பரம் ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் வாங்கிக்கொண்டிருந்தால் செய்தி ஆறிப்போகும். அதனால் முன்கூட்டிக் காட்டாமலே வெளியிடும் உரிமையைக் கேட்டார், அமுலை நடத்திய வர்கீஸ் குரியன் கொடுத்தார். அமெரிக்காவில் ஏவிஸ் கார் வாடகை நிறுவனத்துக்கு 1962இல் தலைமை ஏற்ற ராபர்ட் டவுன்சென்டிடம் விளம்பரக்காரர் பில் பெர்ன்பாக் வைத்த நிபந்தனையும் இதே ரகம்தான்: உங்கள் தொழிலைப் படிக்க 90 நாள் கொடுங்கள், பிறகு நாங்கள் எழுதுவதை அப்படியே வெளியிடுங்கள். டவுன்சென்ட் ஒப்புக்கொண்டார். விளம்பரத்தை ஏற்கலாம், நிராகரிக்கலாம், மெருகேற்றப் பார்க்கக் கூடாது என்று தன் நிறுவனத்துக்கு எழுத்திலேயே கொடுத்தார். 'நாங்கள் இரண்டாவது இடத்தில்தான் இருக்கிறோம்' என்று ஒரு நிறுவனம் தானே சொல்லிக்கொண்ட அந்தப் புகழ்பெற்ற விளம்பரம் வந்தது அப்படித்தான். அந்த 90 நாளை மறந்துவிடாதீர்கள். முதலில் கடையைப் படித்தார்கள், உரிமை அதற்குப் பிறகுதான்.

இரண்டு வருட அனுபவத்தில் உங்களுக்கு அந்த அளவு உரிமை கிடைக்காது. ஆனால் பிரீஃப், அதாவது என்ன விளம்பரம் வேண்டும் என்ற குறிப்பு, வரும்போதே, ஒப்புதல் தரப்போவது யார், அவர் ஒருவரா நால்வரா, எத்தனை சுற்றுத் திருத்தம் என்று கேட்டு மெயிலில் வாங்கி வைக்கலாம். அப்புறம், திருத்தம் பேசும் மீட்டிங்குக்கு நீங்களே போங்கள். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சர்வீசிங் வழியாக வரும்போது 'லோகோ பெருசு பண்ணச் சொல்றாங்க' மட்டும் வந்து சேரும். ஏன் என்பது வழியிலேயே விழுந்துவிடும்.

ஒரு இடத்தில் மட்டும் பேச்சே வேண்டாம். நிரூபிக்க முடியாததைச் சேர்க்கச் சொன்னால், 'சர்க்கரை குறையும்' மாதிரி, மறுத்துவிடுங்கள். 2022இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் விளம்பர நிறுவனத்துக்கும் பொருந்தும். அதற்கும் மேலாக, அதை நம்பி வாங்குகிற ஒருவர் இருக்கிறார்.

வேலையை ஒரு ஆடி விளம்பரத்துக்காக விட வேண்டாம். ஏன் என்று கேட்கவே உங்கள் அலுவலகம் விடவில்லை என்றால் அப்போது வேறு இடம் பாருங்கள். அடுத்து தீபாவளிக்கு இதே கடை வரும். அதற்கு முன் ஒரு சாயங்காலம் அந்தக் கடையின் புடவைப் பிரிவில் போய் நில்லுங்கள். வருகிறவர்கள் விற்பனைப் பெண்ணிடம் முதலில் எதைக் கேட்கிறார்கள் என்று அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு மீட்டிங்குக்குப் போங்கள்.