மதுரையில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். லேசரால் அணுக்களைக் குளிரவைக்கும் ஆய்வுக்குப் போகலாமா?

போகலாம். ஆனால் மார்க்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நான் மேலூர்க்காரன். பெங்களூரில் ஆறு வருடம் ரூபிடியம் என்ற உலோகத்தின் அணுக்களோடு மல்லுக்கட்டி முனைவர் பட்டம் வாங்கினேன். அங்கே கைகொடுத்ததில் பாதி கல்லூரிப் படிப்பு, மீதி சிம்மக்கல்லில் மாமாவின் லேத் பட்டறை.

"லேசர் சுடத்தானே செய்யும்?" என்று அப்பா இன்றும் கேட்பார். ஆடிக் காற்றை எதிர்த்து சைக்கிள் மிதித்திருக்கிறீர்களா? அதே கதைதான். நொடிக்குச் சுமார் 270 மீட்டர் ஓடும் அணுவின் மேல் 780 நானோமீட்டர் அலைநீள லேசர் ஒளி எதிரே வந்து மோதும். ஒரு ஃபோட்டான் (ஒளித்துகள்) குறைப்பது நொடிக்கு 6 மில்லிமீட்டர் வேகம்தான். ஆனால் அணுவை நிறுத்தத் தேவையான சுமார் 45,000 மோதலும் சில மில்லிநொடியில் முடிந்துவிடும். அணுவின் வேகம் குறைவதுதான் குளிர்வது. ஆறு பக்கமும் ஒளியை விட்டுக் காந்தப்புலமும் சேர்த்தால் அணுக்கள் நடுவில் கூடி நிற்கும். கேமராவில் பார்த்தால் கடுகளவு வெண்புள்ளி. எனக்கு முதன்முதலில் அது தெரிந்தது விடியற்காலை மூன்று மணிக்கு. காட்ட ஆளில்லை, செக்யூரிட்டி அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

(ரூபிடியம் 39 டிகிரியில் உருகிவிடும். நம்மூர் மே மாத வெயிலே போதும்!) ரூபிடியம் அணுக்களின் குளிரை 170 நானோகெல்வின் (கெல்வினில் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒரு நானோகெல்வின்) வரை கொண்டுபோய்த்தான் 1995-இல் கார்னெலும் வீமனும் அணுக்கள் எல்லாம் ஒன்றுபோல் நடக்கும் போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருளைப் பிடித்தார்கள்.

அப்புறம், பெரும்பாலான நாள் பிளம்பர் வேலைதான். அணுக்களைப் பிடித்துவைக்கும் வெற்றிடக் கலத்தின் (காற்றை உறிஞ்சி எடுத்த பாத்திரம்) மூட்டுகளில் செம்பு கேஸ்கட் போடுவோம். ஒருமுறை இறுக்கிக் கழற்றினால் தூக்கிப் போட வேண்டும். வீட்டுக் குக்கர் கேஸ்கட்டை அம்மா ஏழு வருஷம் ஓட்டியவர். அந்தப் புத்தியில் பழையதையே மாட்டிவிட்டேன். கசிவைத் தேடிப் பிடித்து, கலத்தை அலுமினியத் தாளால் சுற்றி, 200 டிகிரியில் நாள்கணக்கில் வேகவைத்து, பழைய நிலைக்கு வர மூன்று வாரம் போனது.

உதவித்தொகை: 2023 முதல் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) மாதம் 37,000 ரூபாய், கூடவே வீட்டு வாடகைப் படி. பேராசிரியர் இடங்கள் குறைவு, பல வருடம் காத்திருக்க நேரும். இஸ்ரோவின் என்விஎஸ்-01 என்ற வழிகாட்டிச் செயற்கைக்கோளில் நம் நாட்டில் செய்த ரூபிடியம் அணுக் கடிகாரமும் ஏறிப் போனது. அந்த மாதிரி வேலைகளும் உண்டு.

முதலில் ஆய்வுப் படிப்பில் சேர உதவும் ஜெஸ்ட், கேட் நுழைவுத் தேர்வுகளுக்குப் படியுங்கள். அறிவியல் அகாடமிகளின் கோடைப் பயிற்சிக்கும் விண்ணப்பியுங்கள்; முந்தைய வருடக் கடைசியிலேயே கேட்டுவிடுவார்கள். இடைப்பட்ட நாளில் சால்டரிங் பழகிவிடுங்கள்.