வாசகர் கேள்வி–பதில்: ஷில்லுக் மக்களின் மரத் தலையணை

கேள்வி: சோர் பஜாரின் மட்டன் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில், மூன்று கால்களும் ஒரு முனையில் பறவைத் தலை போன்ற நீட்சியும் கொண்ட சிறிய மரப்பொருளைக் கண்டேன். ஷில்லுக் மக்களின் தலையணை என்றார் கடைக்காரர். என் வீட்டாரோ அது முக்காலிதான் என்கிறார்கள். மரத்தில் தலை வைத்து உறங்க முடியுமா? (வாசகி, மாதுங்கா, மும்பை)

பதில்: கடைக்காரர் சொன்னது உண்மையாக இருக்கலாம், உங்கள் வீட்டார் சொல்வதும் தவறில்லை. நைல் நதிப் பகுதியிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இரவில் தலைக்கு வைத்துக்கொள்ளும் மரத்தையே பகலில் இருக்கையாகப் போட்டு அமர்வதுண்டு. ஷில்லுக் மக்கள் இன்றைய தென் சூடானில், வெள்ளை நைலின் மேற்குக் கரையை ஒட்டி வாழ்பவர்கள். சோளம் பயிரிடுவார்கள், மாடு வளர்ப்பார்கள், மீன் பிடிப்பார்கள். 'ரெத்' எனப்படும் தங்கள் அரசரை, நியிகாங் என்ற முதல் அரசரின் வழியில் வந்தவராகப் போற்றுகிறார்கள்.

இவர்களுடைய தலையணை ஒரே மரத்துண்டில் செதுக்கப்படுவது. கிளை இயல்பாகப் பிரியும் கவையைத் தேர்ந்தெடுத்து அதையே கால்களாக அமைத்துவிடுவதால், ஆணியோ பசையோ இணைப்போ தேவைப்படுவதில்லை. மரத்தின் நரம்போட்டம் கால்களின் போக்கிலேயே செல்வதால் அவை எளிதில் முறிவதுமில்லை. நீங்கள் கண்ட பறவைத் தலையும் அந்தக் கிளையின் வளைவிலிருந்து எழுந்ததாகவே இருக்கக்கூடும். உருவத்தை மரத்தின்மேல் திணிக்காமல், மரத்தில் ஏற்கெனவே இருக்கும் விலங்கையோ பறவையையோ கண்டுகொள்ளும் அந்தக் கண்ணைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

மெத்தென்ற தலையணையை ஏன் நாடவில்லை என்பதற்கு விடை கூந்தலில் இருக்கிறது. 1869-இல் இப்பகுதி வழியாகப் பயணம் செய்த ஜெர்மானியத் தாவரவியலர் கேயோர்க் ஷ்வைன்ஃபுர்ட், ஷில்லுக் ஆண்கள் களிமண்ணும் பிசினும் சாணமும் திரும்பத் திரும்பப் பூசித் தலைமுடியைக் கொண்டை போலவும் தலைக்கவசம் போலவும் விசிறி போலவும் இறுக வடிவமைத்திருந்ததை விவரித்திருக்கிறார். பொறுமையாக உருவாக்கிய அந்த அலங்காரம் ஓர் இரவில் நசுங்கிவிடக் கூடாது. எனவே முடி எதிலும் படாதபடி, காதுக்குக் கீழும் பிடரியிலும் மட்டுமே மரம் தாங்குகிறது. ஒருக்களித்துப் படுக்கும்போது தலைக்கும் தரைக்கும் இடையே தோளின் அகலத்துக்கு ஓர் இடைவெளி விழுகிறதல்லவா, தலையணையின் உயரம் அந்த இடைவெளியை நிரப்புவதால் கழுத்து வளையாமல் நேராக நிற்கிறது. வெப்பம் மிகுந்த அந்த நிலத்தில் கழுத்தடியில் காற்றோட்டமும் கிடைக்கிறது. தலைக்கு மணைக்கட்டையை வைத்துக்கொண்டு திண்ணையில் அயர்ந்து உறங்கிய நம் ஊர்ப் பெரியவர்களை நினைத்துப் பார்த்தால் உங்கள் வியப்பு சற்றுக் குறையும்.

கேள்வி: எகிப்தியக் கல்லறைகளிலும் இத்தகைய தலையணைகள் கிடைத்தனவாமே. ஷில்லுக் மக்கள் அவற்றைப் பார்த்துத்தான் கற்றார்களா? (வாசகர், செம்பூர், மும்பை)

பதில்: 1922-இல் கண்டறியப்பட்ட எகிப்திய மன்னர் துட்டன்காமனின் கல்லறையில், காற்றின் தெய்வமான ஷூ தாங்கி நிற்பதாகச் செதுக்கிய தந்தத் தலையணை உள்ளிட்ட பல தலையணைகள் இருந்தன. இரண்டு நாடுகளும் ஒரே ஆற்றின் கரையில் இருப்பதால், ஆற்றோடு வழக்கமும் சென்றிருக்கும் என எண்ணத் தோன்றுகிறது. ஆயினும் உருவ ஒற்றுமை ஒன்றை மட்டும் வைத்து, ஒருவர் கற்பித்தார், மற்றவர் கற்றார் என்று முடிவு கட்டுவது முறையன்று. நைலுக்கு வெகு தொலைவிலுள்ள ஜிம்பாப்வேயின் ஷோனா மக்களும் காங்கோவின் லூபா மக்களும் அழகிய மரத் தலையணைகளைச் செதுக்கியவர்கள். சீனர்கள் பீங்கானில் தலையணை செய்தார்கள். ஜப்பானியப் பெண்களும் கூந்தல் கலையாதிருக்க உயர்ந்த தலையணைகளைப் பயன்படுத்தினார்கள். ஆப்பிரிக்கக் கலை எதைக் கண்டாலும் அதற்கு எகிப்தில் வேர் தேடுவது, அதைச் செதுக்கியவரின் அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

கேள்வி: இப்படி ஒன்றை வாங்கினால் எதைக் கவனிக்க வேண்டும்? மழைக்காலத்தில் எப்படிப் பாதுகாப்பது? (வாசகர், முலுண்ட், மும்பை)

பதில்: விலையைப் பேசுவதற்கு முன், அது யாரிடமிருந்து, எப்போது, எவ்வழியாக வந்தது என்று கேளுங்கள். 2013 டிசம்பரில் தென் சூடானில் வெடித்த உள்நாட்டுப் போரில், வெள்ளை நைல் கரையிலுள்ள மலக்கால் நகரம் பலமுறை கைமாறிச் சிதைந்தது. ஷில்லுக் குடும்பங்கள் பெருந்திரளாக ஊரை விட்டு ஓடின. அத்தகைய காலத்தில் வீட்டைவிட்டு வெளியேறிய பொருள்கள் எல்லாம் மனமுவந்து விற்கப்பட்டவை என்று நம்புவதற்கில்லை. தெளிவான பதில் கிடைக்காவிட்டால் வாங்காமல் இருப்பதே நேர்மை என்பது என் உறுதியான கருத்து. அருங்காட்சியகக் குறிப்புகளில்கூடச் சேகரித்தவரின் பெயர் இருக்கும், செதுக்கியவரின் பெயரோ அதில் உறங்கியவரின் பெயரோ பெரும்பாலும் இராது. அந்த இழப்பை நாமும் பெருக்க வேண்டாம்.

உண்மையில் பயன்பட்ட தலையணையில் தலை படும் நடுப்பகுதி தேய்ந்து மழமழப்பாகவும், கால்களின் அடி சீரற்றுத் தேய்ந்தும் இருக்கும். எல்லா இடமும் ஒரே கருமையாக இருந்தால், பழமை தோன்றும்படி சாயம் ஏற்றியிருக்கலாம் என ஐயப்படுங்கள்.

வாங்கியபின் பாலிஷ், எண்ணெய், தண்ணீர் எதுவும் வேண்டாம். அந்த மினுமினுப்பு பல்லாண்டு மனித உடலின் எண்ணெயால் வந்தது, ஒருமுறை போனால் மீளாது. உலர்ந்த மென்துணியால் துடைத்து, ஓதமேறும் வெளிச்சுவரிலிருந்து தள்ளி, காற்றோட்டமுள்ள அலமாரியில் வையுங்கள். அடியில் புதிதாக மரத்தூள் உதிர்ந்திருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். உடனே அதை மற்ற மரச்சாமான்களிலிருந்து பிரித்து, நெகிழிப் பையில் கட்டிவைத்து, மரப்பொருள் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் காட்டுங்கள்.