களைத்த கற்கள்

வணக்கம் ஐயா,

போன மாதம் பெருவுக்குப் போய்வந்தோம். இன்கா அரசர்களின் பழைய தலைநகரான குஸ்கோவின் தெருவில் பன்னிரண்டு மூலைக் கல்லையும், ஊருக்கு மேலே சக்ஸய்வமான் கோட்டைச் சுவர்களையும் பார்த்தோம். சாந்து இல்லை, இரும்பு உளி இல்லை, ஆனாலும் இரண்டு கல்லுக்கு நடுவே கத்தி நுனிகூட இறங்கவில்லை. கல்லை உருக்கி வார்த்தார்கள், இது மனித வேலையே இல்லை என்றார் எங்கள் வழிகாட்டி. என் மகள் அதையே நம்புகிறாள். அவளிடம் என்ன சொல்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மனித வேலைதான் என்று சொல்லுங்கள். கையால், கல்லைக் கொண்டு கல்லை அடித்துச் செய்தது.

இன்காக்களின் இன்னொரு ஊரான ஒல்லான்தாய்தாம்போ போனீர்களா? அங்கே ஆறு பெரிய கற்கள் வரிசையாக நிற்கும். அவற்றை வெட்டிய கச்சிகாத்தா குவாரி, உருபாம்பா ஆற்றுக்கு அக்கரையில் மலைமேலே இருக்கிறது. இடைவழியில் பாதியில் விடப்பட்ட கற்கள் இன்றும் கிடக்கின்றன. 'களைத்த கற்கள்' என்று அவற்றுக்குப் பெயர். ஒரு கல்லின்மேல் கைவைத்து வெகுநேரம் நின்றேன். கல்லை உருக்கத் தெரிந்தவன் அதை எதற்கு மலையிலிருந்து இழுத்து வருகிறான்?

1980களில் ழான்-பியர் ப்ரோட்ஸன் என்ற கட்டடக்கலைப் பேராசிரியர் ருமிகோல்கா குவாரியில் தானே செய்து பார்த்தார். நாலு கிலோ எடையுள்ள ஆற்றுக் கூழாங்கல்தான் சுத்தியல். ஓங்கி அடிக்கக்கூட வேண்டாம், கல் தன் எடையில் விழுந்து எகிறும், கை வழிகாட்டினால் போதும். சிறிய கல் ஒன்றின் மூன்று பக்கங்களை ஒன்றரை மணி நேரத்தில் சமன் செய்துவிட்டார். விளிம்புக்குச் சின்னக் கூழாங்கல். அப்புறம் பொருத்துவது. மேல்கல்லின் அடிப்பக்கம் எப்படியோ, அதற்கேற்பக் கீழ்க்கல்லின் தலையைக் கொத்திக் குடைவது, வைத்துப் பார்ப்பது, மறுபடி கொத்துவது. சலிப்பூட்டும் வேலை. அதற்கு ஆளும் காலமும் வேண்டும். இன்கா அரசில் குடிகள் முறைவைத்து அரசுக்கு உழைத்தார்கள், 'மீத்தா' என்பார்கள்.

அந்தக் கைகளின் வழிவந்தவர்கள் இன்றும் அதே மலைகளில் கெச்சுவா பேசி வாழ்கிறார்கள். அவர்கள் பாட்டன் பூட்டன் செய்ததை வேற்றுக்கிரகத்துக்கு எழுதிக்கொடுப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, சுவரைக் கிட்டப்போய்ப் படமெடுத்திருப்பீர்கள். மகளோடு உட்கார்ந்து பெரிதாக்கிப் பாருங்கள். அம்மி கொத்தியதுபோல் குழிகள் தெரியும். கல்லின் நடுவில் பெரிது, விளிம்பை நெருங்க நெருங்கச் சிறிது.