வியன்னாவில் தோழியுடன் ஒரே ஒரு நாள் கிடைத்தால் எப்படிச் சுற்றிப் பார்ப்பது?

முதலில் இரவை முடிவு செய்யுங்கள், பகல் தானாக அமைந்துவிடும். வியன்னாவின் அரசு ஓப்பரா (பாட்டாகவே நடக்கும் இசை நாடகம்) அரங்கான ஸ்டாட்ஸ்ஓப்பரில் நின்றபடி பார்க்கும் இடங்கள் நானூறுக்கும் மேல் உண்டு. நல்ல இருக்கைக்குக் கேட்கும் விலையில் இது சிறு பங்குதான். அன்றைய நிகழ்ச்சிக்கு அன்று காலை 10 மணிக்கு விற்பனை தொடங்கும். ஜூலை, ஆகஸ்டில் அரங்கம் மூடியிருக்கும். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓப்பராக்கள் சில ஐந்து மணி நேரம் ஓடும். முதல்முறை நிற்பவர்களுக்கு இத்தாலியர்களான வெர்டியோ புச்சினியோ போதும்.

முடிந்தால் வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ் கலை அருங்காட்சியகம் அன்று மட்டும் இரவு 9 வரை திறந்திருக்கும். ஓப்பரா டிக்கெட் கிடைக்காமல் போனாலும் மாலை வீணாகாது. திங்களன்று போய் நிற்காதீர்கள், ஆண்டின் பெரும்பகுதியில் அன்று விடுமுறை.

காலை 9 மணிக்கே ஸ்டெஃபான் பேராலயத்தின் தெற்குக் கோபுரம். 343 படிகள், குறுகலான சுழல் படிக்கட்டு. ஏறுபவரும் இறங்குபவரும் உரசிக்கொண்டுதான் போக வேண்டும், அதனால் கூட்டம் சேருமுன் ஏறிவிடுவது நல்லது. மூட்டு வலி உள்ளவர்கள் வடக்குக் கோபுரத்துக்கு லிஃப்டில் போகலாம், பும்மரின் என்ற பெருமணி அங்கேதான் தொங்குகிறது. பத்து மணிக்குக் கீழே வந்து கைபேசியில் ஓப்பரா டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

பிறகு அருங்காட்சியகம். ஒரே நாளில் இரண்டு வேண்டாம், ஒன்றைக் கண்ணாரப் பாருங்கள். வியன்னா ஓவியர் கிளிம்ட்டின் 'முத்தம்' படத்தை இங்கே தேடி ஏமாறுபவர்கள் நிறைய. அது மேல் பெல்வெடெரே அரண்மனையில் இருக்கிறது, டி எண் டிராமில் போக வேண்டும். ஆனால் இங்கும் கிளிம்ட் உண்டு: பெரிய படிக்கட்டில் ஏறும்போது தலையை நிமிர்த்தித் தூண்களுக்கு இடையே பாருங்கள், 1890-91இல் அவர் தீட்டியவை.

நேரத்தின் பெரும்பகுதியை முதல் மாடியில், பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் ப்ரூகலின் அறைக்குக் கொடுங்கள். உலகில் வேறெங்கும் அவர் ஓவியங்கள் இத்தனை ஒன்றாக இல்லை. 'பனியில் வேட்டைக்காரர்கள்' (1565) படத்தில் அத்தனை நாய்களும் ஆட்களும் திரும்பி வருகிறார்கள். தோளில் தொங்குவதோ ஒரே ஒரு நரி. அந்தப் பசியைப் பார்த்த பிறகு தூரத்தில் பனிக்கட்டியில் சறுக்கி விளையாடுபவர்களைப் பாருங்கள். 'விவசாயிகளின் திருமண விருந்'தில் கூழ்க் கிண்ணங்களைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கி வருகிறார்கள். அந்த இடத்தில் தோழியிடம் கால்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், ஒன்று கூடுதலாகத் தெரியும்!

இருவரும் ஒட்டியே நடக்காதீர்கள். ஒருவர் ஒரு படத்தின் முன் இருபது நிமிடம் நிற்பார், மற்றவருக்கு இரண்டு நிமிடம் போதும். எரிச்சல் அங்கேதான் முளைக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் படிக்கட்டில் சந்திப்பதாகப் பிரிந்து போங்கள், பார்த்ததைப் பிறகு காபிக் கடையில் பேசிக்கொள்ளலாம். அங்கே மெலாஞ்ஜ் (நுரை ததும்பும் பால் காபி) கேளுங்கள். கூடவே ஒரு டம்ளர் தண்ணீரும் வரும். ஒரு காபிக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் ஃப்ரிட்டாட்டன் சூப்பில் கவனம்: மிதப்பது தோசைத் துண்டு போன்ற அப்பம்தான், சாறோ மாட்டிறைச்சி எலும்பினுடையது. கேசஸ்பேட்ஸ்லேயில் (பாலாடைக்கட்டி சேர்த்த சிறு மாவுத் துண்டுகள்) பன்றி இறைச்சித் துண்டு சேர்க்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம். குழாயில் வருவது ஆல்ப்ஸ் ஊற்றுநீர்.

மெட்ரோவில் தடுப்புக் கதவு கிடையாது. அதனாலேயே பலர் காகித டிக்கெட்டை நீலப் பெட்டியில் செருகி முத்திரை குத்த மறந்து, கையில் டிக்கெட் இருந்தும் நூறு யூரோவுக்கு மேல் அபராதம் கட்டுகிறார்கள். 24 மணி நேர டிக்கெட்டுக்கு முதல் பயணத்தில் ஒருமுறை குத்தினால் போதும்.

மாலையில் அரங்குக்கு முன்கூட்டியே போய்விடுங்கள். நின்று பார்க்கும் இடங்களில் பார்டெர் பகுதி மேடைக்கு நேர் எதிரே, தரைத்தளத்தில். கோட்டை ஒப்படைத்துவிட்டு உள்ளே போங்கள். நிகழ்ச்சி தொடங்கிய பிறகு வந்தால் இடைவேளை வரை உள்ளே விட மாட்டார்கள்.